“பால் பத்தவில்லையாம்”: வீட்டுக் குழுவில் ஒரு மதியம்

நான்: நேற்றுக் குழந்தையைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே, “பால் இருக்கிறதா?” என்றுதான் கேட்டார்கள்.

சித்தி: அழுதானா அப்போது?

நான்: அழுதான் சித்தி. சாயங்காலம் ஆனால் விட்டு விட்டு இரண்டு மணி நேரம் குடிப்பான். உடனே, “பத்தவில்லை, புட்டியைக் கொடு” என்று தீர்ப்பு. மூன்று வாரக் குழந்தை. ராத்திரி முழுக்க எனக்கும் அதே சந்தேகம்.

அண்ணி: ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறான்?

நான்: ஏழு, எட்டு இருக்கும்.

அண்ணி: ஆறுக்குக் குறையாமல் போய், எடையும் ஏறினால் வேண்டிய பால் கிடைக்கிறது. சாயங்காலம் ஒட்டிக்கொண்டே குடிப்பது நிறையக் குழந்தைகளிடம் உண்டு. குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். தேவையில்லாமல் புட்டி நுழைந்தால் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும்.

மாமா: இதையெல்லாம் பெண்கள் தனிக் குழுவில் பேசலாமே?

அண்ணன்: மாமா, போன மாதம் உங்கள் மூலநோயை இதே குழுவில் மூன்று நாள் பேசினோம்.

மாமா: 🤐

பெரியம்மா: நான் மூன்றாம் மாதமே நிறுத்தினேன். மார்பில் கனம் இல்லை, வற்றிவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன். முதல் சில வாரங்கள் போனதும், குழந்தையின் தேவைக்குச் சுரப்பு பழகி, கனம் குறைவது இயல்புதானாம். உன் அண்ணியின் பிரசவத்தின்போது செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் முப்பது வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன், யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன்: அம்மா, இதை என்னிடம்கூடச் சொன்னதில்லையே.

பெரியம்மா: உன்னிடம் எப்படிடா சொல்வது, நீதானே அந்தக் குழந்தை.

அத்தை: எனக்கு நிஜமாகவே போதவில்லை. எடை ஏறாமல், டாக்டர் சொல்லித்தான் புட்டிப்பால் கொடுத்தோம். “தாய்ப்பால் கொடுக்காத தாய்” என்று பேச்சும் வாங்கினேன்.

சித்தி: எனக்கு நேர் எதிர். ஒன்றரை வயதிலும் கொடுத்தேன், “இன்னுமா?” என்று சிரித்தார்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது என்றேன். “அவர்களா உன் வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்று பதில் வந்தது.

நான்: 😂 எழுந்துவிட்டான், வருகிறேன்.

பெரியம்மா: காம்பு மட்டும் போதாது, சுற்றியுள்ள கருத்த பகுதியும் வாய்க்குள் போகட்டும். வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே.

நான்: சரி பெரியம்மா.

மாமா: எடை பார்க்க என்றைக்குப் போக வேண்டும்? வண்டி எடுத்து வருகிறேன்.