சிலந்தியின் கண் தெளிகிறது, கால்கள் மங்குகின்றன: மெக்ரோ படம் பற்றிய ஐயம்

வாவிக்கரை:
வணக்கம். கல்லடியில் எங்கள் வளவுக்குள் உள்ள மாமரத்திலும் செவ்வரத்தையிலும் திரியும் குதிக்கும் சிலந்திகளை, 50 மில்லிமீற்றர் லென்ஸுடன் அதே நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் வரும் வெற்றுக் குழாய்) பொருத்திப் படம் எடுத்து வருகின்றேன். எஃப் 5.6இல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறிதாகும்) கண் மட்டும் தெளிகின்றது. எஃப் 22க்குப் போனால் படம் முழுவதுமே மந்தமாகி விடுகின்றது. பிளாஷ் அடித்தால் கண்ணில் சுள்ளென்று ஒரு வெள்ளைப் புள்ளி விழுகின்றது. பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் சற்று வைத்தால் அசையாது என்கிறார் நண்பர் ஒருவர். அப்படிச் செய்யலாமா?

வரம்போரம்:
உங்கள் அமைப்பில் சிலந்தியின் உருவம் சென்சரில் அதன் இயற்கை அளவிலேயே விழுகின்றது. அந்த உருப்பெருக்கத்தில் நீங்கள் வைக்கும் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகும். அதாவது எஃப் 22 என்பது எஃப் 44 போல வேலை செய்யும். அவ்வளவு சிறிய துவாரத்தின் ஊடாக வரும் ஒளி விரிந்து போவதால்தான் படம் மந்தமாகின்றது. எஃப் 8க்கும் 11க்கும் இடையில் நின்றுகொள்ளுங்கள். அங்கும் தெளிவின் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் தூரம், ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் என்பதால், முகத்தை நேரே பிடிக்கும்போது கால்கள் மங்குவதைத் தவிர்க்க முடியாது. பக்கவாட்டில், உடலின் நீளம் சென்சருக்குச் சமாந்தரமாக அமையும்படி எடுத்தால் கண்ணும் காலும் ஒன்றாகத் தெளியும். குவிய வளையத்தைத் திருகாமல், உடம்பை மெல்ல முன்னே சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். குவியத்தைச் சற்றுச் சற்று மாற்றி எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாகச் சேர்க்கலாம்தான், ஆனால் கச்சான் காற்று வீசும் நாட்களில் இலை அதற்கு இடம் கொடுக்காது.

கண்டல்நிழல்:
வெள்ளைப் புள்ளிக்குக் காரணம், பூச்சியிலிருந்து பார்க்கையில் பிளாஷ் மிகச் சிறிதாகத் தெரிவதே. கண்ணாடி போன்ற அந்தக் கண் ஒளிமூலத்தின் வடிவத்தை அப்படியே காட்டும். ட்ரேசிங் தாளையோ மெல்லிய வெள்ளை நுரைத்தாளையோ வளைத்து, லென்ஸின் முனைக்கு மேலாகப் பூச்சியை நெருங்கி நிற்கும்படி கட்டுங்கள். நெருங்க நெருங்க ஒளி மென்மையாகும். பிளாஷின் வலுவை 16இல் ஒரு பங்குக்குக் குறைத்தால் அது மின்னும் நேரமும் குறுகுவதால் கை நடுக்கம் படத்தில் விழாது. ஷட்டரை வினாடியின் 200இல் ஒரு பங்கில் விட்டு விடலாம்.

குளிர்சாதனப் பெட்டி யோசனையை நான் ஏற்க மாட்டேன். குளிரில் சுருண்ட கால்களுடன் கிடக்கும் சிலந்தி படத்தில் செத்ததைப் போலவே தெரியும்; அது சாகவும் கூடும். அசையாத பூச்சி வேண்டுமானால் விடியற்காலையில் வயல் வரம்புக்குப் போய்ப் பனித்துளியோடு உறங்கும் தும்பியைப் பாருங்கள். குதிக்கும் சிலந்தியோ தானாகவே கமராவை நோக்கித் திரும்பும் பிராணி; அசையாமல் காத்திருந்தால் முன்னிரு பெரிய கண்களும் லென்ஸைப் பார்க்கும்.

வரம்போரம்:
இன்னொன்று. மாமரத்தில் முசுறு எறும்பின் கூடு இருந்தால் அருகிலுள்ள இலைகளையும் பாருங்கள். முசுறைப் போலவே தோன்றும் குதிக்கும் சிலந்தி ஒன்று அங்கே திரியும். முன்னங்கால்களை உணர்கொம்பு போல உயர்த்திப் பிடித்திருக்கும். கால்களை எண்ணினால் எட்டு. ஆண் சிலந்தியின் தாடை நீண்டிருப்பதால், இன்னொரு எறும்பைக் கவ்விச் செல்வது போல் இருக்கும். உடல் ஒடுங்கி நீண்டது என்பதால் பக்கவாட்டில் எடுக்க இதைவிட வசதியான சிலந்தி கிடைக்காது. முசுறு கமராப் பட்டியில் ஏறி விடும், கவனம்.