தயிர் ஊற்றாத அவியலும் அவியல்தான்

தோவாளைக்காரி:
நேற்று இங்கே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பால், தயிர், நெய் இல்லாமல் சின்னப் பிள்ளைகளுக்கு ராத்திரி வயிறு நிறையச் சாப்பாடு போட முடியாதாம். அவியலுக்கே தயிர் வேண்டுமாம். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் எங்கள் நாஞ்சில் நாட்டு வீட்டு அவியலில் தயிர் கிடையாது. மாங்காய் போடுவோம், அது கிடைக்காத நாளில் புளி. வேலை முடிந்து நான் வீடு வரவே ஆறரை ஆகிவிடும். வந்ததும் ஒரு அடுப்பில் கஞ்சி, இன்னொன்றில் குக்கரில் சிறுபயறு. சிறுபயறு ஊறவைக்காமலே குக்கரில் வெந்துவிடும். பயறு இறங்கியதும் சேனை, ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்), முருங்கைக்காய், வழுதலங்காய் (கத்தரிக்காய்) எல்லாம் நறுக்கி வேகவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் அரைத்துச் சேர்த்து, இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். எட்டு மணிக்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இதில் என்ன குறை?

கல்பாத்திக் கிச்சா:
அந்த அண்ணன் நான்தான். பெயர் சொல்லியே எழுதியிருக்கலாம். பாலக்காட்டில் எங்கள் பாட்டி காலம் தொட்டுப் புளித்த தயிர் ஊற்றித்தான் அவியல். நீங்கள் வைப்பது காய்க் கூட்டு.

தோவாளைக்காரி:
1956 வரை நாங்களும் கேரளத்துப் பக்கம் இருந்த திருவிதாங்கூர்ச் சீமைதான் அண்ணா. திருவனந்தபுரம் பக்கம் விசாரித்துப் பாருங்கள், மாங்காயோ புளியோ போட்டு அவியல் வைக்கிற வீடுகள் ஏராளம்.

செங்கோட்டை மாமா:
செங்கோட்டையும் அந்த 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் என்றாலே நாஞ்சில் நாடு மட்டும்தானா? எங்கள் வீட்டில் தயிர் ஊற்றுவோம். அதனால் அந்தச் சாட்சி செல்லாது.

தோவாளைக்காரி:
மாமா, உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்கு. போன ஓணத்துக்கும் வறுத்தரைத்த சாம்பார் விஷயத்தில் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். நான் பேசுவது பிள்ளைகளின் வயிறு பற்றி. சிறுபயறில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம். தயிரில் மூன்று, நான்குதான்.

கல்பாத்திக் கிச்சா:
அது காய்ந்த பயறின் கணக்கு. வேகவைத்தால் தண்ணீர் ஏறி நூறு கிராமுக்கு ஏழுதான் வரும். காய்ந்த பயறையா பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்? அவியலுக்குத் தயிர் வேண்டும், அவ்வளவுதான்.

தோவாளைக்காரி:
ஏழு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தயிரைப் போல இரண்டு மடங்கு.

மார்த்தாண்டம் சிஸ்டர்:
நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். அவியலை விடுங்கள். பால், முட்டை, மீன் எதுவும் தராமல் பிள்ளை வளர்ப்பவர்கள் வைட்டமின் பி12 பற்றி யோசித்தீர்களா? பயறிலும் காயிலும் அது கிடையாது. டாக்டரிடம் கேட்டு மருந்தாகக் கொடுத்தே ஆக வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, நூறு கிராம் தானியத்தில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல்.

தோவாளைக்காரி:
டாக்டர் சொன்ன பி12 சொட்டுமருந்து எங்கள் வீட்டில் உண்டு சிஸ்டர். வாரத்தில் பாதி நாள் ராத்திரி கேழ்வரகுப் புட்டும் கடலைக்கறியும்தான். கேள்வி தயிர் பற்றியது.

குமுளி ஏலக்காய்:
என் சின்னவன் சேனையைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறான். அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

தோவாளைக்காரி:
சேனையை விட்டுவிட்டு மரச்சீனிக் கிழங்கை, அதுதான் மரவள்ளி, குழைய வேகவைத்துத் தேங்காய் அரைத்துக் கிளறிக் கொடுங்கள் அக்கா. வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள். மறுக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

செங்கோட்டை மாமா:
மரச்சீனி பஞ்ச காலத்துச் சாப்பாடு. திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஜனங்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று பரப்பியது. வெறும் மாவு. அதையா பிள்ளைக்கு?

தோவாளைக்காரி:
அதைத் தின்று வளர்ந்த ஊர் இது மாமா. வெறும் மாவு என்பதால்தான் பக்கத்தில் பயறு வைக்கிறேன். அதைப் படிக்கவில்லையா? கிச்சா அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லட்டும். தயிர் ஊற்றிய அவியலைத் திரும்பச் சூடாக்கினால் திரியுமா, திரியாதா? என் வீட்டில் பிள்ளைகள் எட்டுக்குச் சாப்பிடுகிறார்கள், அவர்கள் அப்பா டிப்போவிலிருந்து பத்துக்கு வருகிறார். மாங்காய் அவியல் எத்தனை முறை சூடாக்கினாலும் அப்படியே இருக்கும். மாங்காயைக் காய்கள் முக்கால் பங்கு வெந்தபின் போட வேண்டும், முதலிலேயே போட்டால் புளிப்பு ஏறிக் காய் வேகாது.

கல்பாத்திக் கிச்சா:
அவியலைத் திரும்பச் சூடாக்குவதே தப்பு.

தோவாளைக்காரி:
அப்படியானால் பத்து மணிக்குப் புதிதாக யார் வைப்பது? நீங்கள் வந்து வைக்கிறீர்களா?

கல்பாத்திக் கிச்சா:
அவர் பங்கைத் தயிர் ஊற்றாமல் எடுத்து வையுங்கள், வந்ததும் சூடாக்கி இறக்கிவிட்டுத் தயிர் ஊற்றிக் கொடுங்கள். அப்போதுதான் அது அவியல்.

தோவாளைக்காரி:
தயிர் ஊற்றுவதற்கு முன்னால் பாத்திரத்தில் இருந்தது என்ன, அதைச் சொல்லுங்கள்.

செங்கோட்டை மாமா:
கூட்டு.