இலை எடைச் செயலியில் ஹெச்மேக் சேர்ப்பது: அனுபவப் பகிர்வு

கோத்தகிரியிலிருந்து

கொள்முதல் நிலையத்தில் போட்ட தேயிலை எடை, ஃபேக்டரி சர்வருக்குப் போய்ச் சேர்வதற்குள் யார் கையும் படாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஹெச்மேக்: போனுக்கும் சர்வருக்கும் மட்டும் தெரிந்த ரகசியக் கீயை வைத்துச் செய்திக்குப் போடும் முத்திரை, செய்தி ஓரெழுத்து மாறினாலும் பொருந்தாது. பெரிய நூலகம் எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் ஜாவாவோடு வரும் 'மேக்' கிளாஸே போதும். பிளட்டரில் ஆப் கட்டுகிறீர்கள் என்றால் அதன் டார்ட் மொழியின் 'கிரிப்டோ' பேக்கேஜ். ஹெச்மேக்-ஷா256 எடுத்துக்கொள்ளுங்கள் (ஷா256 என்பது எந்தச் செய்தியையும் ஒரே நீள விடையாக்கும் ஹாஷ் முறை). கீ 32 பைட், ஊகிக்க முடியாத எண் தரும் செக்யூர்ரேண்டம் தந்ததாக இருக்கட்டும். நிலையத்தின் பெயரையோ போன் நம்பரையோ கீயாக வைக்காதீர்கள். விடையும் 32 பைட்தான்: அதை எழுத்தாக மாற்றும்போது ஹெக்ஸில் எழுதினால் 64 எழுத்து, பேஸ்64-ல் 44.

கீயையும் செய்தியையும் ஒட்டிவைத்து நேராக ஷா256 போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. கீயே தெரியாமல், அதன் நீளத்தை மட்டும் ஊகித்து, செய்தியின் வாலில் இன்னொரு வரியை ஒட்டிப் புது ஹாஷ் எடுத்துவிடலாம். ஹெச்மேக் உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை என்று இரண்டு தடவை ஹாஷ் போடுவதால் அந்த வழி அடைபடுகிறது. 1997-ல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய நெறி ஆவணமாக வந்த முறை, இன்றுவரை அதேதான்.

யாரோ எழுதி வைத்த குட்டி நூலகத்தை இறக்குகிறீர்கள் என்றால் முதலில் ஆர்எஃப்சி 4231-ல் உள்ள சோதனைகளை ஓட்டுங்கள். முதல் சோதனையில் கீ, 0பி என்ற பைட் 20 தடவை. விடை பி0 34 4சி 61 என்று தொடங்கும். அதோடு நிறுத்தாதீர்கள். ஆறாவதில் கீ 131 பைட். 64 பைட்டைத் தாண்டிய கீயை முதலில் ஹாஷ் போட்டுச் சுருக்க வேண்டும். அதை விட்டுவிட்ட நூலகம் முதல் சோதனையில் தேறி, இங்கே மாட்டிக்கொள்ளும்.

குன்னூரிலிருந்து

ஹாஷ் போடுவது இரண்டு வரி வேலை. ஒரு வாரம் தின்பது, இரண்டு பக்கமும் ஒரே பைட்டுகளைத்தான் ஹாஷ் போடுகின்றனவா என்பது.

ஆண்ட்ராய்டின் பேஸ்64-ஐ 'டிஃபால்ட்' கொடியோடு கூப்பிட்டால் கடைசியில் ஒரு புதுவரி எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. நீளத்தை அச்சிடுங்கள்: 44-க்குப் பதில் 45 என்றால் இதுதான். 'நோ ரேப்' கொடி போட்டால் தீர்ந்தது.

அடுத்தது ஜேசன், அதாவது போன் பதிவை அனுப்பும் எழுத்து வடிவம். சர்வரில் ஜேசனைப் பிரித்து, மறுபடி கட்டி, அதன் மேல் ஹாஷ் போடவே கூடாது. பைத்தானின் 'டம்ப்ஸ்' காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடும். தமிழ் எழுத்தையெல்லாம் பின்சாய்வு-யு எண்களாக்கிவிடும். பிஎச்பியும் தமிழை அப்படித்தான் மாற்றும், போதாததற்குச் சாய்கோட்டுக்கு முன்னாலும் ஒரு பின்சாய்வு போடும். வந்து விழுந்த பாடியை (செய்தியின் உள்ளடக்கத்தை) அப்படியே, யாரும் தொடுவதற்கு முன், கச்சா பைட்டாக எடுத்து ஹாஷ் போடுங்கள். பிரிப்பதெல்லாம் அப்புறம். எடையை 18.50 என்று வைத்தால் ஒரு பக்கம் 18.5 ஆகிவிடும், 18500 கிராம் என்று முழு எண்ணாகவே அனுப்பலாம்.

ஒப்பிடும்போது சாதாரண இரட்டைச் சமக்குறி வேண்டாம், எவ்வளவு பொருந்தியது என்பதை அது எடுக்கும் நேரமே காட்டிக்கொடுக்கும். பிஎச்பியில் 'ஹாஷ் ஈக்வல்ஸ்', ஜாவாவில் 'மெசேஜ்டைஜஸ்ட்' கிளாஸின் 'ஈஸ் ஈக்வல்'.

மஞ்சூரிலிருந்து

பாடியை விட்டுவிட்டு, ஊர்ப் பெயர், உறுப்பினர் எண், எடை என்று புலங்களைக் கோர்த்து ஹாஷ் போடுபவர்களுக்கு: நடுவில் பிரிப்பான் இல்லாவிட்டால் 12-ம் 345-ம், 123-ம் 45-ம் ஒரே சரம்தான். ஊர்ப் பெயரில் இன்னொரு பொறி உண்டு. 'கோத்தகிரி' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் யுடிஎஃப்-8-ல் 27 பைட், இரண்டாவதில் 30. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஹாஷ் மொத்தமாக மாறிவிடும். இரண்டு பக்கமும் என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்தெழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஹாஷ் போடலாம். அதைவிட, பெயரை விட்டுவிட்டு நிலையத்தின் குறியீட்டு எண்ணைப் போடுவது மேல்.

சிக்னல் இல்லாத ஊர்களில் நேரமுத்திரைதான் தலைவலி. ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய செய்தியை ஏற்காதே என்று சர்வரில் வைத்திருப்பார்கள். கிண்ணக்கொரைப் பக்கம் காலையில் போட்ட எடை, லாரி சிக்னல் உள்ள இடத்துக்கு ஏறிய பிறகுதான் போகும். அத்தனையும் திரும்பி வரும். எடை போட்ட நேரம் பாடிக்குள் இருக்கட்டும், அனுப்பும் நேரம் ஹெடரில் (செய்தியோடு போகும் தலைப்புக் குறிப்பில்) தனியாக. இரண்டையும் சேர்த்து, அனுப்பும் கணத்தில் ஹாஷ் போடுங்கள். போன் கடிகாரம் தப்பாக இருந்தால் சர்வர் பதிலில் வரும் 'டேட்' ஹெடரை வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சர்வர் வாங்கிக்கொண்டது, பதில் வரும் வழியில் லைன் அறுந்தது, போன் மறுபடி அனுப்புகிறது. ஹாஷ் சரியாகவே இருக்கும். அதே விவசாயி கணக்கில் 18 கிலோ இரண்டு தடவை ஏறும். ஹெச்மேக் இதைத் தடுக்காது. ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு யுயுஐடி (வேறெதற்கும் வராத அடையாள எண்) கொடுத்து, டேட்டாபேஸில் அது இரண்டு தடவை ஏறாதபடி 'யுனிக்' இண்டெக்ஸ் போடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் பிழை காட்டாமல் 200 (சரி) என்றே பதில் சொல்லட்டும், இல்லாவிட்டால் போன் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.

கொடைக்கானலிலிருந்து

கீயைக் கோடில் எழுதி ஏபிகே-யில் (ஆப்பை நிறுவும் கோப்பில்) வைத்தால் அது ரகசியமே இல்லை. ஆப்பைப் பிரித்துக் காட்டும் ஜாடெக்ஸில் திறந்தால் சில நிமிடத்தில் வெளியே. லாகின் ஆனதும் எச்டிடிபிஎஸ் வழியாகப் போனுக்கு ஒரு கீ என்று கொடுத்து, ஆண்ட்ராய்டின் கீ பெட்டகமான கீஸ்டோரில் 'சைன்' வேலைக்கு மட்டும் என்று இறக்குங்கள். ஆண்ட்ராய்டு 6-லிருந்து இது உண்டு. ஆப்பை நீக்கினால் அந்தக் கீ போய்விடும். புதுப் போனுக்கு பேக்கப் எடுத்து மாற்றினாலும் கீ கூடவே வராது, ஆகவே மறுபதிவு செய்யும் திரை ஒன்று கட்டாயம் வேண்டும்.

பூம்பாறை பூண்டுக்கும் இதே செயலியை வைக்கலாமா என்றால் தாராளமாக. ஆனால் வாசலில் நிற்பவர் போனில், நெட் இல்லாமல் சீட்டின் கியூஆர் சரிபார்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள். சரிபார்க்கிற கீயும் சீட்டு அடிக்கிற கீயும் ஒன்றே, வாசல் போன் தொலைந்தால் யார் வேண்டுமானாலும் சீட்டு அடிக்கலாம். எடைத் தகராறு வந்தாலும் இதே கதை: சர்வரிடமும் அந்தக் கீ இருப்பதால், 'இந்த எடையை நான் போடவில்லை' என்று விவசாயி சொன்னால் ஹெச்மேக் சாட்சி சொல்லாது. அங்கே இடி25519 போலப் பொதுக்கீ கையொப்பம்தான் (போடும் கீ வேறு, சரிபார்க்கும் கீ வேறு) வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து

விட்டுப்போன ஒன்று: ஹெடரில் கீயின் அடையாள எண்ணையும் முதல் நாளிலிருந்தே அனுப்புங்கள். கீ மாற்றும்போது பழையது, புதியது இரண்டையும் சர்வர் கொஞ்ச நாள் ஏற்க வேண்டிவரும். வரிசையில் தேங்கிய பதிவெல்லாம் வந்து சேர்ந்த பிறகு பழையதை எடுத்துவிடலாம்.