'பிதாவே' என்று கூப்பிட வாய் வரவில்லை, 'அம்மா' என்று ஜெபிக்கலாமா?

நெல்லைக்காரி:
நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). ஞாயிறு ஆராதனைக்குத் தவறுவதில்லை. அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர், எங்களை ஆளாக்கினது அம்மாதான். போன வருஷம் அம்மாவும் தவறிவிட்டாள். அதிலிருந்து 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பித்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது, ராத்திரி தனியாக ஜெபம் பண்ணும்போது என்னையறியாமல் 'அம்மா' என்றுதான் வருகிறது. ஒரு ஊழியக்காரரிடம் கேட்டதற்கு, அது புறஜாதி வழக்கம் என்று முடித்துவிட்டார். சபையை விட்டுப் போகிற எண்ணமெல்லாம் இல்லை. இது தப்பா?

பழையஏடு:
தப்பு என்றால் பைபிளில் ஏசாயா தீர்க்கதரிசியையும் தப்பு என்று சொல்ல வேண்டும். 66:13 பாருங்கள்: 'ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்.' 49:15-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஆதியாகமம் 1:2-ல் ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடினார் என்று வாசிக்கிறோம் இல்லையா, எபிரேயத்தில் ஆவிக்கான 'ரூவாக்' பெண்பால் சொல், அதற்கேற்ப வினையும் பெண்பாலில்தான் வருகிறது. அதே வினை உபாகமம் 32:11-ல் குஞ்சுகள்மேல் அசைவாடுகிற கழுகுக்கு வரும். சிரியாக் மொழி பேசிய ஆதிக் கிறிஸ்தவர்கள் ஆவியைத் தாய் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று, சொல் பெண்பால் என்பதற்காகக் கடவுள் பெண் என்று தாவிவிட வேண்டாம், அது இலக்கணம், அவ்வளவுதான். எனக்கு ஏசாயா போதும்.

மாதாகோயில்தெரு:
நாங்கள் கத்தோலிக்கர். மாதாவுக்கு வணக்கம், கடவுளுக்கு மட்டும்தான் ஆராதனை என்று மறைக்கல்வியில் படித்ததுதான், ஆனால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற என் ஆச்சிக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்றால் சந்தேகம்தான். அவளுக்கு எல்லாமே அம்மாதான். கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய கோயிலில் மாதா சேலை கட்டிக்கொண்டு 'பெரியநாயகி'யாக நிற்கிறாள், முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்புறம், 1978 செப்டம்பர் 10 அன்று முதலாம் யோவான் பவுல் பாப்பரசரே கடவுள் தந்தை, அதைவிடவும் தாய் என்று பேசினார்.

காவிரிக்கரை:
இந்துவாக நுழைகிறேன், மன்னியுங்கள். திருச்சி மலைக்கோட்டை சுவாமிக்குத் தாயுமானவர் என்று பேர். காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, இங்கே பிள்ளை வலியில் துடித்த மகளுக்கு சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலக்கதை. அந்தக் கதை எனக்கு உயிர். ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், சாமியை அம்மா என்று கும்பிடுகிற வீட்டில் பெண்களுக்கு மதிப்பு தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பூஜையறை முழுக்க அம்மன் படம்தான், அந்த மூன்று நாளும் என்னை உள்ளே விட்டதில்லை. மேல்மருவத்தூரில் அந்த நாட்களிலும் பெண்கள் போகலாம் என்று தெரிந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. காவிரிக்கரை அக்கா, நீங்கள் சொன்னது உறைத்தது. வசனங்களை எடுத்துப் பார்த்தேன், அப்படியே மத்தேயு 23:37-ம் கண்ணில் பட்டது, கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்ப்பது. இத்தனை வருஷம் அதைச் சாதுவான வசனம் என்று வாசித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கோழி உண்டு. பருந்து நிழல் விழுந்தால் தாய்க்கோழி என்ன பாடு படுத்தும் என்று பார்த்திருக்கிறேன், அம்மாவும் அப்பா முன்னால் அப்படித்தான் நிற்பாள். சபையில் எல்லாரோடும் 'பிதாவே' என்றே சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி ஜெபம் எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கட்டும்.