போனஸ் தகராறில் பாலிசி ரத்தாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மச்சானின் கார் இன்சூரன்ஸ் விஷயமாகக் கேட்கிறேன். போன வருஷம் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி இடதுபக்கக் கதவு இரண்டையும் உரசிவிட்டுப் போய்விட்டது. க்ளெய்ம் போட்டுத்தான் சரிசெய்தார். இந்த முறை வேறு கம்பெனிக்கு மாற்றிய ஏஜென்ட், எதையும் விசாரிக்காமல் 35 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போட்டுப் பாலிசி எடுத்துவிட்டார். புதுக் கம்பெனி பழைய கம்பெனியில் கேட்டுப் பார்த்துவிட்டு, போனஸ் செல்லாது, பாலிசியை ரத்து செய்ய நேரிடும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. ஏஜென்ட் போனையே எடுப்பதில்லை. பிரீமியம் வாங்கும்வரை விடாமல் கூப்பிட்ட மனிதர்!

க்ளெய்ம் வாங்கினால் போனஸ் பூஜ்யமாகி, மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏறவேண்டும் என்பது தெரியும். அதுவும் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில்தான். தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கட்டணம், அரசு நிர்ணயிப்பது. சரி, வித்தியாசத் தொகையைக் கட்டினால் பாலிசி தொடருமா? யாருக்காவது அப்படிச் செய்துகொடுத்தார்களா? ரத்தானால் வண்டியை வெளியே எடுக்க முடியாது. இன்சூரன்ஸ் இல்லாமல் மாட்டினால் முதல் தடவையே 2,000 ரூபாய் அபராதம்.

அப்புறம், சிக்னல் தாண்டியதற்கான சலான் ஒன்றும் கட்டாமல் கிடக்கிறது. அதைக் காட்டி பிரீமியத்தை ஏற்றுவார்களா? ராயபுரம் பக்கம் நம்பிக்கையான ஏஜென்ட் இருந்தாலும் சொல்லுங்கள்.