குல்மார்க்கில் பலத்த காற்று, ஆரஞ்சு எச்சரிக்கை: போகலாமா, தள்ளிப்போடலாமா?

வெயில்பழகி:

வணக்கம். வரும் ஜனவரி 25-ஆம் தேதி குடும்பத்தோடு காஷ்மீர் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், 68 வயது அம்மா. முதல் இரண்டு இரவு ஸ்ரீநகர், 27-உம் 28-உம் குல்மார்க், 29 மறுபடி ஸ்ரீநகர், 30 காலையில் திரும்பும் விமானம்.

நேற்று வந்த வானிலை அறிவிப்பைப் படித்ததிலிருந்து வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டோம். 26 பிற்பகல் முதல் 27 இரவு வரை பல இடங்களில் மிதமான பனிப்பொழிவு, உயரமான பகுதிகளில் ஓரிரு இடங்களில் கனமான பனிப்பொழிவு, மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்கிறார்கள். இரண்டு நாளுக்கும் ஆரஞ்சு நிறம். 28-லிருந்து வறண்ட வானிலை, ஆனால் இரவு வெப்பநிலை இன்னும் 3 முதல் 5 டிகிரி குறையும் என்றும் இருக்கிறது.

பனி கொட்டும் நாளில் ஸ்ரீநகருக்கு மைனஸ் 1 போட்டிருக்கிறார்கள், வெயில் அடிக்கும் நாளில் மைனஸ் 6. இது அச்சுப்பிழையா? காற்று 40 கிலோமீட்டர் என்பது பயப்பட வேண்டிய வேகமா? ஆடி மாதக் காற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம் என்கிறார் அம்மா. பயணத்தை ரத்து செய்ய வேண்டும் என்கிறாள் மனைவி. அங்கே குளிர்காலத்தில் இருந்து பழகியவர்கள் சொன்னால் நல்லது.

பழைய ஸ்டியரிங்:

தம்பி, அச்சுப்பிழை இல்லை. நான் 17 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டியவன். குளிர்காலத்தில் காஷ்மீர் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு தெற்கே வருவது என் பிழைப்பு. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் அந்த மலையின் வானத்தைப் படிக்காமல் அங்கே வண்டி ஓட்ட முடியாது.

முதலில் அந்த மைனஸ் 6. பனி விழும் இரவில் மேகம் கம்பளி மாதிரி மூடியிருக்கும். தரையின் சூடு மேலே தப்பிக்காது. மேகம் விலகினால் போர்வையை உருவிவிட்டது போலத்தான். பகலில் வரும் கொஞ்ச வெயிலையும் புதுப்பனி திருப்பி அனுப்பிவிடும். நீலவானம் தெரிகிறதே என்று ஊரிலிருந்து போனவர்கள் சந்தோஷப்படும் அன்று இரவில்தான் குழாய்க்குள் தண்ணீர் உறையும். காலையில் பல் துலக்கத் தண்ணீர் வராது. 27 இரவே ஒரு வாளி பிடித்து அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போவது சில்லை கலான் காலத்தின் கடைசி வாரம். டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாள் கடுங்குளிர். அதற்குப் பிறகு 20 நாள் சில்லை குர்த், கடைசியாக 10 நாள் சில்லை பச்சா. பெரிய குளிர், சிறிய குளிர், குழந்தைக் குளிர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்கள் இதை வைத்துத்தான் நாள் கணக்கே போடுவார்கள். ஆகவே குளிர் என்பது அறிவிப்பில் செய்தியே இல்லை. அது இருந்தே தீரும். அறிவிப்பில் செய்தி காற்றும் பனியும்தான்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு. ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் போடும், அவ்வளவுதான். இந்தக் காற்று உடம்பைச் சுற்றி நாம் சேர்த்து வைத்திருக்கும் சூட்டை உரித்துக்கொண்டு போகும். மைனஸ் 5-இல் காற்றில்லாமல் நின்றால் தேநீர் குடித்துக்கொண்டு கதை பேசலாம், நானே பேசியிருக்கிறேன். அதே மைனஸ் 5-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 13 மாதிரி. இந்தக் கணக்கு எனக்கு ஒரு ராணுவ ஓட்டுநர் சொல்லிக் கொடுத்தது. காது மடல், மூக்கு நுனி, விரல் நுனி, இவைதான் முதலில் மரத்துப்போகும். வலித்தால் பரவாயில்லை. வலி நின்றுபோய், தோல் வெளுத்து மரக்கட்டை மாதிரி ஆனால் உடனே உள்ளே போக வேண்டும். தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. கையென்றால் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் விடுங்கள்.

ரத்து செய்ய வேண்டாம். ஆனால் 27 அன்று குல்மார்க் ஏறாதீர்கள். மலையடியில் இருக்கும் டங்மார்க் ஊரிலிருந்து மேலே 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏற்றம். பனி விழும்போது டயரில் சங்கிலி போட்ட வண்டியையோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியையோதான் விடுவார்கள். நீங்கள் ஸ்ரீநகரில் பிடித்த கார் டங்மார்க்கில் நின்றுவிடும். அங்கே வண்டி மாற்றும்போது குழந்தையும் அம்மாவும் காற்றில் நிற்க வேண்டும், மூட்டை முடிச்சோடு.

ஒரு விஷயத்தை விடாமல் சொல்ல வேண்டும். ஒரு ஜனவரியில் ஜம்மு போகும் மலைச்சாலையில், பனிஹால் அருகே நான்கு நாள் மாட்டிக்கொண்டோம். முன்னால் ராம்பன் பக்கம் மலை சரிந்து சாலை மூடிவிட்டது, பின்னால் பனி. (கன்னியாகுமரியில் முடியும் அதே 44-ஆம் எண் சாலைதான் அது. வரைபடத்தில் நேர்கோடு மாதிரித் தெரியும்!) இரண்டாம் இரவு குளிர் தாங்காமல் என் கூட வந்த பையன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் காங்க்ரி வாங்கி வந்தான். பிரம்பு பின்னிய மண்சட்டி, உள்ளே கரி நெருப்பு. அங்குள்ளவர்கள் அதைப் பெரன் அங்கிக்குள் வைத்துக்கொண்டு நடமாடுவார்கள். பையன் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். நள்ளிரவில் எனக்குத் தலை பிளந்தது. எழுந்தால் கால் நிற்கவில்லை. எப்படியோ கதவை உதைத்துத் திறந்து இரண்டு பேரும் பனியில் விழுந்தோம். அந்தப் பையன் விடியும்வரை வாந்தி எடுத்தான். புகையே இல்லாத நெருப்புதானே என்று நினைத்தோம். ஆனால் கரி நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை விடும், அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது.

அதனால் விடுதி அறையில் கரியடுப்பு வைத்தால் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள், தூங்கப் போகும்முன் அடுப்பை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். மின் போர்வை இருக்கிறதா என்று கேட்டு அறை பிடியுங்கள். கார் பனியில் நின்றுபோனால் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். புகைக்குழாய் வாயைப் பனி மூடினால் புகை உள்ளேதான் வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையில் பனிப்புயலில் சிக்கிய கார்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அங்கே இந்த வாயுவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

கைபேசியில் வரும் வானிலைப் படத்தை நம்பாதீர்கள். அது எந்த ஊருக்கு என்று அதற்கே தெரியாது.

மழைமானி:

ஸ்டியரிங் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்கு மறுபேச்சில்லை. கடைசி வரிக்கு மட்டும் ஒரு திருத்தம். கைபேசிக் கணிப்பு பொய் சொல்வதில்லை. அது ஒரு சதுரப் பரப்பின் சராசரி உயரத்துக்குக் கணக்குப் போடுகிறது. சமவெளியில் இதனால் பெரிய தவறு வராது. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டரிலும் குல்மார்க் சுமார் 2,650 மீட்டரிலும் இருக்கும் இடத்தில் அந்தச் சராசரி இரண்டு ஊருக்குமே பொருந்தாமல் போகலாம். அதனால் ஊர் பெயரோடு உயரத்தையும் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பகலுக்கும் காற்றடிக்கும் நாளுக்கும் பொருந்தும் கணக்கு.

காற்றில்லாத தெளிந்த இரவில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் குளம் போலத் தேங்கும். அப்படிப்பட்ட இரவுகளில் ஸ்ரீநகரும் குல்மார்க்கும் ஒரே அளவு குளிராக இருக்கும். சில நாள் இன்னொரு சுற்றுலா ஊரான பஹல்காம் இரண்டையும் மிஞ்சும். ஆகவே 28 இரவு கீழே இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம்.

அறிவிப்பின் சொற்களுக்கும் அளவு உண்டு. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியிலுள்ள வானிலை நிலையங்களில் கால் பங்கு வரை, சில இடங்கள் என்றால் பாதி வரை, பல இடங்கள் என்றால் முக்கால் பங்கு வரை. ஆக, மிதமான பனி உங்களுக்கு அநேகமாகக் கிடைக்கும். கனமான பனி கிடைப்பது அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். ஆரஞ்சுக்கு வீட்டை விட்டே கிளம்பாதே என்ற பொருள் கிடையாது.

இதையெல்லாம் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு. பெயரைக் கேட்டால் யாரோ வம்புக்கு வருவது போல இருக்கும். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு மேல்மட்ட மேலைக்காற்றில் மிதந்துவரும் தாழ்வுச் சலனம் அது. மூன்று நாளுக்கு முன்னால் அதன் வருகை நன்றாகவே தெரியும். எந்த மணிநேரத்தில் எந்த ஊரில் என்பது முந்தின நாள்தான் தெளியும். ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பைத் தினமும் மாலையில் பாருங்கள். இன்றைய அறிவிப்பை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறாதீர்கள்.

ரோப்கார் ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். இரண்டாம் கட்டம் அஃபர்வத் சிகரப் பக்கம் சுமார் 3,950 மீட்டர் வரை போகிறது. குல்மார்க்கில் மைனஸ் 5 என்றால் மேலே மைனஸ் 13 அளவில் இருக்கும். அங்கே 40 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் தோல் உணர்வது மைனஸ் 25. பலத்த காற்றில் அதை அவர்களே நிறுத்திவிடுவார்கள், நல்லதுதான். பனி நின்ற மறுநாள் திறந்தாலும் வரையறுத்த பாதையை விட்டுச் சரிவில் இறங்காதீர்கள். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பலகை போலப் படிய வைத்திருக்கும். பனிச்சரிவு அங்கிருந்துதான் கிளம்பும்.

கம்பளிக்காரி:

நான் ஏழு வயதுப் பையனோடு போய்வந்தவள். பருத்தி உள்ளாடை போடாதீர்கள், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு குளிரும். ஒரே தடித்த அங்கிக்குப் பதிலாக மெல்லியதாக மூன்று அடுக்கு; மேல் அடுக்கு காற்றை விடாததாக இருக்கட்டும். இன்னொன்று, வெளிமாநில முன்கட்டண சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒருவரிடமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எந்த அறிவிப்பையும் பார்க்கப் போவதில்லை.

வெயில்பழகி:

அனைவருக்கும் நன்றி. மூன்று பதிலையும் வீட்டில் உரக்கப் படித்தேன். காங்க்ரி பகுதி வந்ததும் கட்சி கலைந்துவிட்டது. 27 ஸ்ரீநகரிலேயே இருந்துகொள்கிறோம், 28 பிற்பகல் குல்மார்க் ஏறி ஒரு இரவு மட்டும். விடுதியில் தேதி மாற்ற ஒப்புக்கொண்டார்கள். எங்கள் நால்வரின் எண்களுமே முன்கட்டணம்தான், நாளை மாற்றப் போகிறேன். இரண்டு கேள்விகள் மிச்சம். 30 காலை விமானத்தை என்ன செய்வது? அம்மாவுக்குக் காலணி என்ன வாங்குவது? ஊரில் கிடைக்கும் விளையாட்டுக் காலணி போதுமா?

பழைய ஸ்டியரிங்:

விமானத்தை 31 பிற்பகலுக்கு மாற்ற முடியுமா பாருங்கள். பனி நின்றாலும் அந்த வாரம் காலையில் மூடுபனி இருக்கும், ஓடுபாதை தெரியாமல் காலை விமானங்கள்தான் முதலில் தள்ளிப்போகும். ஒரு நாள் கையிருப்பு இல்லாமல் அந்த மலைக்குள் போனவர்கள் எல்லோரும் என்னோடு பனிஹாலில் உட்கார்ந்திருந்தார்கள்.

விளையாட்டுக் காலணி வேண்டாம், நனைந்துவிடும். டங்மார்க்கில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாடகைக்குத் தருவார்கள். அம்மாவுக்கு ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கி, உள்ளே இரண்டு கம்பளிக் காலுறை. விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் ரத்தம் ஓடாது. தரையில் கிடக்கும் பனி 28 இரவில் உறைந்து 29 காலையில் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். விடுதி வாசலில் அவருக்கு ஒரு கைத்தடியும் கேட்டு வையுங்கள், கீழே இரும்பு முனை உள்ளதாக.