டிஎல்எல் கோப்பின் உள்ளே இருப்பதைப் படிப்பது எப்படி?

கிடங்குக் கணக்கர்:
வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு சிறிய கிடங்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பில் போடும் நிரல், 2007இல் பொருள், சேவை வரி 7 விழுக்காடாக உயர்ந்தபோது எழுதி வாங்கியது. எழுதித் தந்தவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். மூல நிரல் எங்களிடம் இல்லை. வரி 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறிய பிறகும் நிரல் 7 விழுக்காடே போடுவதால், ஒவ்வொரு பில்லையும் எக்செலில் திருத்தி அனுப்புகிறோம். வரிக் கணக்கு ஒரே டிஎல்எல் கோப்பில் (நிரலின் ஒரு பகுதியைத் தனியாக வைத்திருக்கும் கோப்பு) இருப்பதாகத் தெரிகிறது. நோட்பேடில் திறந்தால் எம், இசட் என்று இரண்டு எழுத்துகளும், டாஸில் இயங்காது என்னும் ஓர் ஆங்கில வரியும், பிறகு புரியாத குறிகளும்தான் தெரிகின்றன. படிக்க வழி உண்டா?

சிராங்கூன்வாசி:
முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். நோட்பேடில் தவறிச் சேமித்தாலே கோப்பு கெட்டுவிடும். எம், இசட் என்பவை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள். விண்டோஸின் எக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகள் எல்லாமே அவற்றில்தான் தொடங்கும் என்பதால், நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. விஷுவல் ஸ்டூடியோவுடன் வரும் டம்ப்பின் கருவியைக் கொண்டு, இந்தக் கோப்பு வேறு எந்த டிஎல்எல்களைச் சார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எம்எஸ்கோர்ஈஈ என்ற டிஎல்எல் மட்டும் வந்தால், அது மைக்ரோசாஃப்டின் டாட்நெட் என்ற நிரலாக்கத் தளத்தில் எழுதிய கோப்பு. டாட்நெட் கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினிக்காக மொழிமாற்றும் கருவி) இயந்திர மொழிவரை இறங்காமல் ஐஎல் என்ற இடைநிலை மொழியோடு நின்றுவிடுவதாலும், நிரலின் பகுதிகளான கிளாஸ், மெத்தட் ஆகியவற்றின் பெயர்கள் கோப்பிலேயே பதிந்திருப்பதாலும், ஐஎல்ஸ்பை என்ற இலவசக் கருவியில் இழுத்துப் போட்டால் சி ஷார்ப் என்ற நிரல் மொழியின் வரிகளாகவே படிக்கலாம். நிரலர் எழுதிய குறிப்புரைகள் இருக்காது. உள் மாறிகளின் பெயர்களும் போயிருக்கும். கணக்கு அப்படியே இருக்கும்.

பழைய நிரலர்:
சி பிளஸ் பிளஸில் எழுதியதாக இருந்தால் இவ்வளவு எளிதல்ல. டம்ப்பின் வெளியில் தெரியும் ஃபங்ஷன் பெயர்களை மட்டும் காட்டும். உள்ளே போக வேண்டுமானால், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ 2019இல் வெளியிட்ட கீட்ரா போன்ற கருவி தேவை. அதுவும் சி மொழியை ஒத்த ஓர் ஊகத்தைத்தான் தரும், மீதியை நாம் பொறுமையாகக் கோத்துப் படிக்க வேண்டும். இன்னொன்று: பிற நிரலோடு இணைந்து இயங்குவதற்குத் தேவையான தகவலைப் பெற ஒரு நிரலைப் பிரித்துப் பார்ப்பதற்கு நம் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிபந்தனைகளோடு இடம் தருகிறது. அந்த நிபந்தனைகளுக்குள் நீங்கள் வருகிறீர்களா என்பதை, வேலையைத் தொடங்குமுன் முதலாளி வழியாக ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கிடங்குக் கணக்கர்:
மிக்க நன்றி. முதலாளி வழக்கறிஞரிடம் கேட்டுச் சம்மதம் தந்தபின் திறந்தேன். டாட்நெட்தான். ஐஎல்ஸ்பையில் ஒரே மெத்தடில் 0.07 என்ற எண் அப்படியே எழுதப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமாக, பல ஆண்டுகளாக எங்களை வாட்டிய ஒரு காசு வித்தியாசத்தின் காரணமும் அங்கேயே இருந்தது. 3 வெள்ளி 50 காசுக்கு 7 விழுக்காடு 24.5 காசு, எக்செல் அதை 25 ஆக்கும், நிரலோ 24 ஆக்கியது. எண்ணை முழுமையாக்கும் மேத் ரவுண்ட் என்ற ஃபங்ஷன், வேறு எதுவும் சொல்லாவிட்டால், சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். இனி 0.07ஐ 0.09 என்று மாற்றிவிட்டால் போதுமா?

சிராங்கூன்வாசி:
வேண்டாம். கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் மாற்றியதும் செல்லாததாகிவிடும். அதே கிளாஸ், மெத்தட் பெயர்களோடு புதிய டிஎல்எல் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். வரி விகிதத்தை பில்லின் தேதியைப் பார்த்து ஒரு பட்டியலிலிருந்து எடுக்கட்டும். 2022இல் போட்ட பில்லுக்கு இன்று கடன் குறிப்பு (கிரெடிட் நோட்) போட நேர்ந்தால் 7 விழுக்காடுதான் வர வேண்டும்.